நீக்கிவிட்டு நிறுவுவதா, இருப்பதோடு நிறுத்திக்கொள்வதா? மெய்நிகர் லினக்ஸில் டிரைவர் தேர்வு

மதுரை திருநகரில் நாங்கள் நடத்தும் பயிற்சிக்கூடத்தில் 18 கணினிகள் இருக்கின்றன. காலையில் கணக்குப்பதிவு வகுப்பு நடப்பதால் எல்லாவற்றிலும் விண்டோஸ்தான். மாலையில் லினக்ஸ் படிக்க வருபவர்களுக்காக கணினிக்குள் இன்னொரு கணினியை நிரலாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக, அதே கணினிகளுக்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டுகிறோம். வாடிப்பட்டி, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று பஸ் ஏறி வரும் மாணவர்கள் அவர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம்கூட வீணாகக் கூடாது என்பது என் கவலை.

ஒவ்வொரு புதிய அணி தொடங்கும் முன்பும் ஒரு மாதிரிக் கணினியைத் தயாரித்து 18 இடங்களிலும் நகலெடுக்கிறோம். அப்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. நாம் தேர்ந்தெடுத்த லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸுக்கான துணைத் தொகுப்புகள், அதாவது அதனோடு ஒத்துழைக்கத் தேவையான டிரைவர்களும் சிறு நிரல்களும், முன்கூட்டியே இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடலாமா? நீக்கிவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸுடன் வரும் குறுவட்டுப் படிமத்திலிருந்து (சிடியைப் போல் செருகும் கோப்பு) அதே வேலையைச் செய்யும் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவலாமா? அல்லது நீக்காமலேயே அதன்மேல் நிறுவிவிடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் இருப்பதைத் தொடாமல் விடுவதே சரி. குறிப்பிட்ட தேவை உள்ளவர்கள் முழுமையாக நீக்கிவிட்டு நிறுவலாம். மூன்றாவது வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் அந்த வழியில் போனதால் மாணவர்கள் ஒரு வார உழைப்பை இழந்தார்கள்.

இரண்டு பாதிகள்

கெஸ்ட் அடிஷன்ஸ் என்பது ஒரே பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒன்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஏறும் மாட்யூல்கள், அதாவது டிரைவர்கள். மெய்நிகர் வன்பொருளோடு நேரடியாகப் பேசுபவை அவைதான். மற்றொன்று, கர்னலுக்கு வெளியே ஓடும் சிறு நிரல்கள். திரையின் அளவை மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒட்டுப்பலகையை (கிளிப்போர்டு) பகிர்வது, நேரத்தை ஒத்திசைப்பது, பகிர்ந்த கோப்புறைகளைத் தானாக இணைப்பது ஆகியவை இவற்றின் வேலை. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று புரிந்துகொண்டால்தான் எல்லாம் நடக்கும்.

ஒரு காலத்தில் இரண்டு பாதிகளும் ஒரே இடத்திலிருந்து வந்தன. விர்ச்சுவல்பாக்ஸை முதலில் உருவாக்கியது ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனபோது இதுவும் உடன் போனது. அந்த நாட்களில் குறுவட்டைச் செருகி நிறுவுவதுதான் வழக்கம். கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல்களை மறுபடி தொகுத்தாக வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து கம்பைல் செய்தாக வேண்டும்.

பிறகு நிலைமை மாறியது. ரெட்ஹாட்டில் பணியாற்றிய ஹான்ஸ் டி கோடே இந்த மாட்யூல்களைச் சீர்செய்து, லினக்ஸ் கர்னலின் மூலத்திலேயே சேர்க்கும் வேலையை எடுத்துச் செய்தார். 2018இல் வெளிவந்த 4.16 கர்னலில் அடிப்படை மாட்யூல் இடம்பெற்றது. பகிர்ந்த கோப்புறைக்கான மாட்யூல் 2020இல் 5.6 கர்னலோடு வந்தது. அதே 2018இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலின் (டிஸ்ட்ரிபியூஷன்) 28ஆம் பதிப்பு வெளியானபோது, மெய்நிகர் கணினியில் நிறுவினால் எதையும் கூடுதலாகச் செய்யாமலேயே விர்ச்சுவல்பாக்ஸ் ஒருங்கிணைப்பு கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் மின்ட் என்ற வழங்கலின் படிமத்திலும் இந்தத் துணைத் தொகுப்புகள் முன்பே இருந்தன.

ஆகவே இன்றைய புதிய லினக்ஸ் ஒன்றில் ஒரு பாதி கர்னலோடும், மறுபாதி வழங்கலின் தொகுப்பாகவும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. குறுவட்டுப் படிமமோ தன் பங்குக்கு இரண்டு பாதிகளையும் எடுத்துக்கொண்டு வருகிறது. ஓர் உறையில் இரண்டு கத்திகள் என்று நம் ஊரில் சொல்வது இந்த நிலைமையைத்தான்.

மேலேயே நிறுவினால் என்ன நடக்கிறது

ஆரக்கிளின் நிறுவிக்கு இந்த ஆபத்து தெரியும். வேறு வழியில் நிறுவப்பட்ட கெஸ்ட் அடிஷன்ஸ் ஏற்கெனவே இருப்பதைக் கண்டால் அது நின்று எச்சரிக்கிறது. வழங்கலின் தொகுப்பாக வந்திருந்தாலோ கணினியோடு இயல்பாக வந்திருந்தாலோ, இந்த நிறுவலைக் கைவிட்டு முதலில் அதை முறையாக நீக்குங்கள் என்று அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. அதற்குப் பிறகுதான் தொடரலாமா என்று கேட்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்விக்கு நான் 'ஆம்' என்று அடித்தேன். மறுநாள் வகுப்பு தொடங்க வேண்டியிருந்தது.

முதல் மூன்று வாரங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. திரை முழு அளவுக்கு விரிந்தது, ஒட்டுப்பலகை வேலை செய்தது. விண்டோஸ் பக்கத்தில் 'பாடம்' என்று ஒரு கோப்புறை வைத்து, அதை உள்ளே பகிர்ந்திருந்தோம். மாணவர்கள் எழுதும் நிரல்கள் எல்லாம் அதில்தான் சேரும். மெய்நிகர் கணினியைச் சனிக்கிழமை இரவு பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்துவைத்த நிலைக்கு, திருப்பிவிடுவோம். கோப்புகள் வெளியே இருப்பதால் அவற்றுக்குச் சேதம் வராது என்பது எங்கள் கணக்கு.

நான்காம் வாரத் தொடக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு வந்தது. முந்தைய மாலை நீண்ட நேரம் ஓடிய 11 கணினிகளில் புதிய கர்னல் இறங்கியது. குறுவட்டிலிருந்து வந்த மாட்யூல்களை அந்தக் கர்னலுக்காக மறுபடி தொகுக்க வேண்டும். அதற்குத் தேவையான, கர்னலின் உள்ளமைப்பை விவரிக்கும் ஹெடர் கோப்புகள் இல்லை. எனவே கர்னலோடு வந்த மாட்யூல் ஏறியது. ஆனால் கோப்புறையை இணைக்கும் சிறு நிரல் குறுவட்டுடையது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. கர்னல் பதிவேட்டில் ஒரு வரி அழகாக எழுதப்பட்டிருந்தது: பழைய வடிவத்தில் வரும் இணைப்புத் தகவலை ஏற்க முடியாது, காலாவதியான இணைப்பு நிரலை நீக்குங்கள் என்று. அந்த வரியை நாங்கள் படித்தது ஏழு நாட்கள் கழித்து.

இணைப்பு தோற்றாலும் கணினி தடையின்றி ஏற வேண்டும் என்று நான் அமைத்து வைத்திருந்தேன். அதனால் எந்தப் பிழையும் திரையில் வரவில்லை. 'பாடம்' என்ற பெயரில் காலி அடைவு ஒன்று உள்ளே இருந்தது. மாணவர்கள் வாரம் முழுவதும் அதிலேயே சேமித்தார்கள். சனிக்கிழமை இரவு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியபோது அனைத்தும் போயிற்று. திங்கட்கிழமை ஒரு மாணவி, "சார், நான் போன வாரம் எழுதியது எங்கே?" என்று கேட்டார். மேலூரிலிருந்து தினமும் வந்துபோகும் பெண் அவர். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மேலேயே நிறுவுவதன் கெடுதல் நிறுவும் நாளில் தெரிவதில்லை. புதுப்பிப்பு வரும் நாளில்தான் தெரியும். நிறுவியவர் அப்போது அருகில் இருக்க மாட்டார். அவர் செய்ததை நினைவிலும் வைத்திருக்க மாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். குறுவட்டின் நிறுவி தன் கோப்புகளை 'ஆப்ட்' என்ற அடைவில் தனியாக வைத்துக்கொண்டு, வழக்கமான நிரல் அடைவுகளில் அவற்றுக்குச் சுட்டிகளை வைக்கிறது. வழங்கலின் தொகுப்பு தன் கோப்புகளை வைத்திருந்த அதே இடம், அதே பெயர். லினக்ஸில் நிரல்களை நிறுவி நீக்கும் தொகுப்பு நிர்வாகிக்கு இந்த மாற்றம் தெரியாது. பட்டியலின்படி அந்தக் கோப்பு இன்னும் அதனுடையதுதான். அடுத்த புதுப்பிப்பில் சுட்டியை அகற்றிவிட்டுத் தன் கோப்பை மறுபடி வைத்துவிடும். சில கோப்புகள் இவருடையவை, சில அவருடையவை என்ற நிலை உருவாகிறது. மாநகராட்சிக் குழாயையும் போர்வெல் குழாயையும் நடுவில் வால்வு இல்லாமல் ஒரே தொட்டியில் சேர்த்த வீடுகளை நம் பகுதியில் பார்த்திருப்பீர்கள். எந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மேலேயே நிறுவிவிட்டுத் தவறை உணர்ந்து, பிறகு வழங்கலின் தொகுப்பை நீக்குபவர்கள் இருக்கிறார்கள். தொகுப்பு நிர்வாகி தன்னுடையது என்று நம்பி அந்தச் சுட்டிகளையும் துடைத்துவிடும். அதோடு குறுவட்டு நிறுவலும் முடமாகிவிடும். ஆகவே வரிசை மிக முக்கியம். ஏற்கெனவே இந்தக் குழியில் விழுந்தவர்கள் முதலில் குறுவட்டின் சொந்த நீக்கியை ஓட்டி, பிறகு வழங்கலின் தொகுப்பை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, அதன்பின் ஒன்றை மட்டும் புதிதாக நிறுவ வேண்டும்.

நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்களிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு நீக்கவும் வேண்டாம், நிறுவவும் வேண்டாம். இரண்டு அமைப்புகளைச் சரிசெய்தால் போதும்.

திரை சிறியதாகவே நிற்கிறது என்பது முதல் புகார். மெய்நிகர் கணினியின் காட்சி அமைப்பில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் என்ற தேர்வு இருக்கிறது. லினக்ஸுக்கு அது விஎம்எஸ்விஜிஏ என்றிருக்க வேண்டும். பழைய மெய்நிகர் கணினியைப் புதிய பதிப்பில் திறந்தவர்களிடம் இது பழைய மதிப்பிலேயே தங்கியிருக்கும்.

பகிர்ந்த கோப்புறை தெரிகிறது, ஆனால் திறக்க அனுமதி இல்லை என்பது இரண்டாவது. அந்தக் கோப்புறை 'விபாக்ஸ்எஸ்எஃப்' என்ற பயனர் குழுவுக்குச் சொந்தமானது. உங்கள் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் திறந்துவிடும். டிரைவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதற்காகத் தொகுப்புகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு வரியில் தீரும் வேலை அது.

மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள். லினக்ஸிலும் அப்படித்தான், கேட்டால் அது சொல்லும். 'மாட்இன்ஃபோ' என்ற கட்டளையோடு 'விபாக்ஸ்கெஸ்ட்' என்ற அடிப்படை மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று முதல் வரியிலேயே வரும். கர்னல் அடைவுக்குள் 'டிரைவர்ஸ்', 'விர்ட்' என்று பாதை நீண்டால் அது கர்னலோடு வந்தது. 'மிஸ்க்' என்ற அடைவு தெரிந்தால் அது குறுவட்டிலிருந்து தொகுத்தது. பிறகு 'விபாக்ஸ்சர்வீஸ்' நிரலிடம் பதிப்பெண்ணைக் கேளுங்கள். நிறுவப்பட்ட தொகுப்புகளின் பட்டியலில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். இந்த மூன்று பதில்களும் கையில் கிடைத்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இருப்பதை விட்டுவிடுவது

இந்த வழியின் பெரிய பலம், கவனித்துக்கொள்ள வேறொருவர் இருக்கிறார் என்பதே. கர்னல் புதுப்பிக்கப்பட்டால் அதனுள் உள்ள மாட்யூலும் கூடவே வருகிறது. தொகுக்க வேண்டியதில்லை, கம்பைலர் வேண்டாம், ஹெடர் வேண்டாம். கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து வேலை செய்யும் உசிலம்பட்டிப் பக்கத்து மாணவருக்கு இது சாதாரண விஷயமல்ல. குறுவட்டுப் படிமம் விர்ச்சுவல்பாக்ஸோடு வந்துவிடுகிறது, இணையம் தேவையில்லை என்று அவர் நினைப்பார். உண்மையில் ஜிசிசி, மேக், பெர்ல் ஆகிய தொகுக்கும் கருவிகள், கர்னல் ஹெடர்கள் என்று இறக்க வேண்டிய பட்டியல் பின்னால் நிற்கிறது.

கையெழுத்துள்ள நிரல்களை மட்டுமே ஏற்றும் பாதுகாப்பு ஏற்பாடான செக்யூர் பூட் இரண்டாவது காரணம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் மெய்நிகர் கணினிக்குள்ளும் அதை இயக்க முடிகிறது. இயக்கினால், கையெழுத்திடப்படாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. வழங்கலின் கர்னலோடு வரும் மாட்யூல்களில் அவர்களுடைய கையெழுத்து இருக்கும். நீங்கள் தொகுத்தவற்றுக்கு நீங்களே சாவி உருவாக்கி, அதைப் பதிவுசெய்து, கையெழுத்திட வேண்டும். ஒரு கணினிக்குச் செய்யலாம். 18 கணினிகளுக்கு என்று வரும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் துணை நிரல்கள் பெரும்பாலும் ஒரே தொடரில் தங்கிவிடுகின்றன. வெளியே விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டு படி முன்னே போயிருக்கும். பதிப்பு வேறுபாடு இருந்தாலும் திரை, கோப்புறை போன்ற அடிப்படை வேலைகள் எங்கள் கூடத்தில் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் புதிய வசதிகள் கிடைக்காது. லினக்ஸில் திரையை வரையும் புதிய முறையான வேலண்டில் ஒட்டுப்பலகைப் பகிர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கான தொடக்கநிலை ஆதரவு 2024இல் வந்த 7.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய துணை நிரல்களோடு வேலண்டில் இருப்பவருக்கு, வெளியே நகலெடுத்ததை உள்ளே ஒட்டுவது தொல்லைதான். நுழைவுத் திரையில் பழைய எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், ஒன்றையும் நிறுவாமல் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

டெபியன் என்ற வழங்கலைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிலை வேறு. டெபியன் 9 முதல் நிலைத்த பதிப்பின் களஞ்சியத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் தொகுப்புகள் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தனித்தனியாக வெளியிடாத ஆரக்கிளின் போக்கோடு டெபியனின் முறை ஒத்துப்போகவில்லை. எனவே அங்கே மோதவும் பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவைக்கவும் இல்லை. கர்னலின் பாதி மட்டும் இருக்கும். மறுபாதிக்குக் குறுவட்டை நாடலாம். மோதலே வேண்டாம் என்பவர்களுக்கு டெபியனில் தொடங்குவது ஒரு நேர்மையான வழி.

முழுமையாக நீக்கிவிட்டு நிறுவுவது

புதிய வசதி ஒன்று உண்மையிலேயே தேவை, அல்லது வழங்கலின் தொகுப்பில் உள்ள பிழை உங்களை நேரடியாகப் பாதிக்கிறது என்றால் இந்த வழி சரியானது. செய்வதென்றால் முழுதாகச் செய்ய வேண்டும்.

மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அணைத்த நிலையில் எடுத்தால் நொடிகளில் முடியும், இடமும் அதிகம் பிடிக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மாட்யூல் தொகுக்கப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் என்ன மிச்சம் என்பது யார் கையிலும் இல்லை.

டெபியன் வழி வந்த மின்ட், உபுண்டு போன்றவற்றில் நீக்குவதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'ரிமூவ்' என்றால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கும். வாடகை வீட்டைக் காலி செய்தவர் பரணில் சாமான்களை விட்டுப் போவதைப் போன்றது அது. அடுத்துக் குடிவருபவருக்குத் தொல்லை. 'பர்ஜ்' என்றால் பரணும் காலியாகும். இங்கே நமக்குத் தேவை பர்ஜ்தான். ஏற்கெனவே ரிமூவ் செய்துவிட்டவர்கள் தொகுப்புப் பட்டியலில் 'ஆர்சி' என்ற குறியோடு அது நிற்கிறதா என்று பார்த்து, அதே தொகுப்பின் மீது பர்ஜ் கொடுக்கலாம்.

பெயர்களை முழுதாக எழுதுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11, பழைய பதிப்புகளில் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-டிகேஎம்எஸ். சோம்பலில் விர்ச்சுவல்பாக்ஸ் என்று எழுதி நட்சத்திரக் குறி போடுபவர்கள் உண்டு. வெளிக்கணினியும் லினக்ஸாக இருந்து, தவறான சாளரத்தில் அந்தக் கட்டளையை அடித்தால், விர்ச்சுவல்பாக்ஸே போய்விடும். முதலில் ஒத்திகைத் தேர்வோடு கட்டளையை ஓட்டி, எவையெல்லாம் நீக்கப்படும் என்ற பட்டியலை நிதானமாகப் படியுங்கள். மேசைத்தளத்தின் பெயரோ கர்னலின் பெயரோ அதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தானியங்கிச் சுத்திகரிப்பை இதே மூச்சில் ஓட்ட வேண்டாம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஃபெடோராவில் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-அடிஷன்ஸ் என்ற ஒரே தொகுப்பை நீக்கினால் போதும். ஓப்பன்சூசேயில் கூடுதல் கவனம் தேவை. வன்பொருளைப் பார்த்து அதற்குரிய தொகுப்பைத் தானே பரிந்துரைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. மெய்நிகர் கணினி என்று அது அறிந்துகொள்வதால், நீங்கள் நீக்கிய தொகுப்பு அடுத்த பெரிய புதுப்பிப்பில் திரும்பி வந்துவிடும். நீக்கியதும் அதற்குப் பூட்டுப் போட்டுவிடுங்கள்.

நீக்கியவுடன் நிறுவாதீர்கள், ஒருமுறை மறுபடி தொடங்குங்கள். தொகுப்பு வட்டிலிருந்து போனாலும் அதன் சேவைகள் நினைவகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொடங்கிய பிறகு திரை சுருங்கி, ஒட்டுப்பலகை செயலிழந்திருந்தால் கலங்க வேண்டாம். நீக்கம் ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்தது ஹெடர்கள். என் 11 கணினிகளைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இப்போது ஓடும் கர்னலின் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கு மட்டும் ஹெடர் இறக்கச் சொல்லும் அறிவுரையே எங்கும் கிடைக்கிறது. அது இன்றைக்குப் போதும். அடுத்த மாதம் புதிய கர்னல் வரும்போது அதற்கான ஹெடர் வராது. எண் இல்லாத பொதுத் தொகுப்பையும் சேர்த்து நிறுவினால், ஒவ்வொரு கர்னலோடும் அதன் ஹெடரும் தானாக வரும். குறுவட்டின் சேவை ஒவ்வொரு தொடக்கத்திலும் தன் மாட்யூல்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் தொகுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதற்கு ஹெடர் மட்டும் கிடைத்தால் போதும்.

அதன்பின் படிமத்தைச் செருகி நிறுவியை ஓட்டுங்கள். முன்னே சொன்ன எச்சரிக்கை இப்போது வரவே கூடாது. வந்தால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். 'இல்லை' என்று சொல்லிவிட்டுத் தேடுங்கள். நிறுவி முடிந்து மறுபடி தொடங்கியதும் மாட்இன்ஃபோவிடம் பாதையைக் கேளுங்கள். 'மிஸ்க்' என்று வர வேண்டும். துணை நிரலின் பதிப்பும் வெளியே உள்ள விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது தோற்றால் 'விபாக்ஸ்ஆட்-செட்டப்' என்ற பெயரில் பதிவுக் கோப்பு ஒன்று இருக்கும். காரணம் அதன் கடைசி வரிகளில் எழுதியிருக்கும்.

இத்தோடு வேலை முடிவதில்லை. வெளியே விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளேயும் புதுப்பிக்கும் கடமை இனி உங்களுடையது. வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் தன் சொந்தக் கணினியில் இந்த வழியைத்தான் வைத்திருக்கிறார். அவருக்கு அது சரி. கணினி ஒன்று, பார்ப்பவரும் அவரே, கர்னல் மாறிய அன்றே அவருக்குத் தெரியும்.

விர்ச்சுவல்பாக்ஸ் அல்லாதவர்களுக்கு

விர்ச்சுவல்பாக்ஸைப் போன்ற இன்னொரு ஏற்பாடான விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. 2007 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கும் ஓப்பன் விஎம் டூல்ஸ் பெரும்பாலான வழங்கல்களில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள் என்று விஎம்வேரே பரிந்துரைக்கிறது. மெனுவில் உள்ள குறுவட்டு நிறுவியை யாராவது ஓட்டியிருந்தால், அதன் நீக்கியைக் கொண்டு அதைத்தான் நீக்க வேண்டும். வழங்கலின் தொகுப்பை அல்ல. இணையத்தில் விர்ச்சுவல்பாக்ஸுக்காக எழுதிய குறிப்பை விஎம்வேரில் அப்படியே பின்பற்றித் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

லினக்ஸின் சொந்த மெய்நிகர் ஏற்பாடான கேவிஎம் பக்கத்தில் அதற்கான விர்ட்ஐஓ டிரைவர்கள் கர்னலிலேயே பல ஆண்டுகளாக இருக்கின்றன. துணை நிரல்களான ஸ்பைஸ் முகவரும் கியூஎம்யூ முகவரும் வழங்கலின் தொகுப்புகளே. போட்டிக்கு வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-விக்கான டிரைவர்களும் கர்னலுக்குள்தான் இருக்கின்றன.

இந்த முறை நாங்கள் செய்தது

புதிய அணிக்காக மின்ட் படிமத்தில் இருந்த தொகுப்புகளை அப்படியே விட்டோம். மாணவர்களுக்குத் தேவையானவை முழுத்திரை, பகிர்ந்த கோப்புறை, ஒட்டுப்பலகை ஆகிய மூன்றுதான். எக்ஸ் அமர்வில் மூன்றும் வேலை செய்கின்றன. 'பாடம்' கோப்புறை இணையாவிட்டால் சத்தமின்றித் தொடரும் அமைப்பை எடுத்துவிட்டோம். இப்போது நுழையும்போதே ஒரு சிறு நிரல் இணைப்பைச் சோதித்து, இல்லையென்றால் திரையின் நடுவில் சிவப்பில் சொல்கிறது. இணைக்கப்படாத நிலையில் அந்த அடைவில் யாரும் எழுத முடியாதபடி அனுமதியையும் எடுத்துவிட்டோம். சனிக்கிழமை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பும் முன், அந்தந்தக் கணினியில் அந்த வாரம் எழுதிய கோப்புகள் விண்டோஸ் பக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒருவர் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்.

இன்னொரு மாதிரிக் கணினியும் தயாராக இருக்கிறது. அதில் வழங்கலின் தொகுப்புகளைப் பர்ஜ் செய்து, பொது ஹெடர் தொகுப்போடு குறுவட்டின் டிரைவர்களை நிறுவி, ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறோம். வேலண்ட்டில் வேலை செய்ய விரும்பும் மூத்த மாணவர்களுக்கானது அது. வீட்டில் இணையம் போதாதவர்கள் பென் டிரைவில் எடுத்துப் போகலாம். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதால், கொண்டுவரும் முன் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். கோப்பின் பெயரிலேயே டிரைவர்கள் எங்கிருந்து வந்தவை என்று எழுதியிருக்கிறோம்: ஒன்றில் 'வழங்கல்', மற்றொன்றில் 'குறுவட்டு'. மேலூர் மாணவி போன வாரம் வந்து 'குறுவட்டு' கோப்பை எடுத்துப் போனார். போகும் முன் மாட்இன்ஃபோ கட்டளையைத் தானே ஓட்டி, பாதையைப் பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவைக் கழற்றினார்.